விளக்கு மங்கிய அந்த 0.1 நொடி: உங்கள் கருவி தாங்குமா?

மழை பெய்யும் பிற்பகல்களில் கிள்ளான் பள்ளத்தாக்கில் வசிக்கும் எல்லாரும் இதைப் பார்த்திருப்பார்கள். எங்கோ தொலைவில் இடி விழுகிறது. வீட்டு விளக்கு ஒரு கணம் மங்கி, பிறகு பழையபடி எரிகிறது. மின்விசிறி நிற்கவில்லை. கைப்பேசி சார்ஜ் ஏறிக்கொண்டே இருக்கிறது. ஆனால் மேசைக் கணினி மட்டும் அணைந்து, மறுபடி தொடங்குகிறது. அரை மணி நேரம் தட்டச்சு செய்த கட்டுரை போய்விட்டது. "கரண்டு போய் வந்தது" என்று சொல்கிறோம்.

உண்மையில் கரண்டு போகவே இல்லை. அதன் மின்னழுத்தம் சிறிது நேரத்திற்குக் கீழே இறங்கியது, அவ்வளவுதான். ஒரே வீடு, ஒரே மின்கம்பி. அப்படியிருக்க, ஒரு கருவி தாங்கிக்கொண்டதும் இன்னொன்று விழுந்ததும் எப்படி? ஒரு கருவி இதைத் தாங்குமா என்பதை ஆய்வுக்கூடத்தில் எப்படிச் சோதிக்கிறார்கள்? இந்த வாரம் இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை காண்போம். படிவம் 3 அறிவியலில் மின்மாற்றியையும் மின் விநியோகத்தையும் படித்தவர்களுக்கு இது எளிதாகவே புரியும்.

மின்தடை வேறு, மின்னழுத்தச் சரிவு வேறு

1996 ஆகஸ்ட் 3-ஆம் நாள் தீபகற்ப மலேசியா முழுவதும் பல மணி நேரம் இருளில் மூழ்கியது. திரங்கானுவில் உள்ள பாக்கா மின் நிலையத்தின் அருகே மின்கடத்தும் தடத்தில் தொடங்கிய கோளாறு தீபகற்பம் முழுவதும் பரவியது. 2005 ஜனவரி 13-ஆம் நாள் கோலாலம்பூரும் சிலாங்கூரும் தென் மாநிலங்களும் மின்சாரம் இல்லாமல் தவித்தன. இவை மின்தடைகள். எல்லார் நினைவிலும் நிற்பவை, அடிக்கடி நடக்காதவை.

மின்னழுத்தச் சரிவு அப்படிப்பட்டதன்று. அது ஆண்டுக்குப் பல முறை வரும். வந்த சுவடு தெரியாமல் போகும். தொழிற்சாலை மின்பணியாளர்கள் இதை 'வோல்டேஜ் டிப்' என்பார்கள்.

நம் வீட்டுச் சாக்கெட்டில் இருக்க வேண்டிய மின்னழுத்தம் 230 வோல்ட். முன்பு 240 வோல்ட் என்று இருந்த பெயரளவு, 2008 ஜனவரி 1 முதல் 230 ஆனது. இதில் 10 விழுக்காடு கூடலாம், 6 விழுக்காடு குறையலாம். அதாவது ஏறத்தாழ 216 முதல் 253 வோல்ட் வரை இயல்பான நிலை. அலை நொடிக்கு 50 சுழற்சி. ஆகவே ஒரு சுழற்சிக்கு 20 மில்லி நொடி, அரைச் சுழற்சிக்கு 10 மில்லி நொடி. இந்த இரண்டு எண்களையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

மின்னழுத்தம் 90 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கி, சில மில்லி நொடி முதல் ஒரு நிமிடம் வரை அப்படியே இருந்து, பிறகு தானாகவே திரும்பினால் அது சரிவு.

எங்கோ விழுந்த இடி, நம் வீட்டில் ஏன் தெரிகிறது?

மாடி வீட்டில் குளிக்கும்போது கீழே யாரோ தோட்டத்துக் குழாயை முழுதாகத் திறந்துவிட்டால் என்ன ஆகும்? மேலே தண்ணீர் மெலிந்துவிடும். குழாய் உடையவில்லை. தொட்டியிலும் தண்ணீர் இருக்கிறது. ஆனால் ஓரிடத்தில் அளவுக்கு மீறி ஓடுவதால் மற்ற இடங்களில் அழுத்தம் குறைகிறது.

மின் கட்டமைப்பிலும் இதுவே நடக்கிறது. மேரு பக்கம் ஒரு மேல்நிலைக் கம்பியில் மின்னல் தாக்கி, கம்பியிலிருந்து நிலத்துக்கு மின்னோட்டம் பாய்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் குறுக்குச்சுற்றை நோக்கி மிகப் பெரிய மின்னோட்டம் ஓடும். பாதுகாப்புக் கருவி அதைக் கண்டுபிடித்து அந்தத் தடத்தைத் துண்டிப்பதற்குச் சுமார் 0.1 நொடி ஆகலாம். அந்த 0.1 நொடியும், அதே துணை மின்நிலையத்திலிருந்து மின்சாரம் பெறும் எல்லாருக்கும் மின்னழுத்தம் இறங்கும். உயர் அழுத்தத் தடத்தில் கோளாறு நடந்தால் கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் உள்ள கடையும் பிரிக்பீல்ட்ஸில் உள்ள அச்சகமும் ஒரே கணத்தில் அதை உணரலாம்.

மின்னல் மட்டும் காரணமன்று. கம்பியில் சாயும் மரக்கிளை, நிலத்தடிக் கேபிளை வெட்டிவிடும் மண்வாரி இயந்திரம், பக்கத்துத் தொழிற்சாலையில் ஒரே மூச்சில் தொடங்கும் பெரிய மோட்டார் ஆகியவையும் சரிவை உண்டாக்கும். ஆனாலும் நம் வட்டாரத்தில் மின்னலுக்குத் தனி இடம் உண்டு. உலகில் இடி மிகுதியாக இடிக்கும் பகுதிகளுள் கிள்ளான் பள்ளத்தாக்கும் ஒன்று. ஆண்டில் ஏறத்தாழ 200 நாள் இங்கே இடியோசை கேட்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சரிவு என்பது பாதுகாப்பு அமைப்பு ஒழுங்காக வேலை செய்ததன் அடையாளமும்கூட. கோளாறான தடத்தைத் துண்டித்ததால்தான் மற்றவர்களுக்கு மின்சாரம் நிலைத்தது. எந்த நாட்டு மின் வாரியத்தாலும் சரிவே இல்லாத மின்சாரத்தைத் தர முடியாது. அதனால் பொறுப்பின் ஒரு பகுதி கருவியைச் செய்பவரிடமும் வாங்குபவரிடமும் வந்து சேர்கிறது.

கருவிக்குள் நடப்பது என்ன?

கணினி, தொலைக்காட்சி, இணைய மோடம் போன்றவற்றின் மின்வழங்கியில் ஒரு மின்தேக்கி இருக்கும். அலையின் உச்சியில் அது நிரம்பும். இடைவெளியில் தன் சேமிப்பைக் கொடுக்கும். 230 வோல்ட் அலையின் உச்சி 325 வோல்ட்.

ஒரு கணக்குப் போடுவோம். மின்தேக்கி 330 மைக்ரோஃபாரட். அதன் மின்னழுத்தம் 250 வோல்ட்டுக்குக் கீழே போனால் கணினி நின்றுவிடும் என்று கொள்வோம். பயன்படுத்தக்கூடிய ஆற்றல்:

½ × 0.00033 × (325² − 250²) = ஏறத்தாழ 7.1 ஜூல்

கணினி 200 வாட் எடுத்துக்கொண்டிருந்தால், 7.1 ÷ 200 = 0.035 நொடி. அதாவது 35 மில்லி நொடி தாங்கும். மின்னழுத்தம் அறவே இல்லாமல் 0.1 நொடி போனால் நின்றுவிடும். அதே கணினி வேலை குறைந்து 60 வாட் மட்டும் எடுக்கும் நேரமாக இருந்தால், 7.1 ÷ 60 = 0.118 நொடி. இப்போது அதே 0.1 நொடியைக் கடந்துவிடும். ஒரே கடையில் இரண்டு கணினிகள் இருந்து, ஒன்று அணைந்து மற்றொன்று அணையாமல் இருப்பதன் இரகசியம் இதுதான்.

இன்னொரு குறிப்பு உங்கள் கையிலேயே இருக்கிறது. கைப்பேசி சார்ஜரைத் திருப்பிப் பாருங்கள். '100–240 வோல்ட்' என்று அச்சிட்டிருக்கும். மின்னழுத்தம் 70 விழுக்காட்டுக்கு, அதாவது 161 வோல்ட்டுக்கு இறங்கினாலும் அதற்கு அது இயல்பான உணவே. '220–240 வோல்ட்' என்று மட்டும் எழுதியிருக்கும் கருவிக்கு அந்த அகலம் இல்லை.

மோட்டாரின் கதை வேறு. நம் வீட்டு ஐஸ் பெட்டியில் இருப்பது போன்ற தூண்டல் மோட்டாரின் திருப்புவிசை மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். மின்னழுத்தம் 70 விழுக்காடு என்றால் திருப்புவிசை 0.7 × 0.7 = 0.49. பாதி பலம் போய்விட்டது. சுற்றும் வேகம் அதைச் சில கணம் காப்பாற்றும். ஆனால் கம்ப்ரசர் நின்றுவிட்டு உடனே மறுபடி தொடங்க முயன்றால், குழாய்க்குள் இருக்கும் வாயு அழுத்தத்தை எதிர்த்துத் திரும்ப முடியாமல் திணறும். இயல்பைப் போலப் பல மடங்கு மின்னோட்டம் இழுத்துச் சூடேறும். மின்சாரம் வந்தவுடன் ஐஸ் பெட்டியைப் போடாமல் சில நிமிடம் பொறுக்கச் சொல்வது இதனால்தான்.

தொழிற்சாலையில் முதலில் விழுவது பெரும்பாலும் காண்டாக்டர். இது மின்காந்தத்தால் மூடிப் பிடிக்கும் ஒரு சுவிட்ச். மின்னழுத்தம் பாதியளவுக்கு இறங்கினால் காந்தம் பிடியை விட்டுவிடும், மோட்டார் நிற்கும். விலை மலிவான இந்தச் சிறு பாகம் கை நெகிழ்ந்தால், மேரு வட்டாரக் கையுறைத் தொழிற்சாலையில் நீண்ட சங்கிலித் தொடர் முழுவதும் நின்றுவிடக்கூடும். 0.1 நொடிச் சரிவுக்குப் பிறகு வரிசையைச் சுத்தம் செய்து, சூடாக்கி, மறுபடி ஓட்டப் பல மணி நேரம் ஆகலாம்.

ஆய்வுக்கூடத்தில் சரிவை உண்டாக்குவது

இடி விழும்வரை காத்திருந்து கருவியைச் சோதிக்க முடியாது. அதனால் ஆய்வுக்கூடத்தில் செயற்கையாகச் சரிவை உண்டாக்குகிறார்கள். இதற்கான அனைத்துலக முறை ஐ.இ.சி. 61000-4-11. முதலில் 1994-இல் வெளியாகி, பின்னர் திருத்தப்பட்டது. ஒரு கட்டத்திற்கு 16 ஆம்பியர் வரை எடுக்கும் கருவிகளுக்கு இது பொருந்தும். நம் வீட்டுக் கருவிகள் எல்லாம் ஏறக்குறைய இதற்குள் அடங்கும்.

சோதிக்கும் கருவியைச் சரிவு உண்டாக்கும் இயந்திரத்துடன் இணைக்கிறார்கள். அந்த இயந்திரம் 230 வோல்ட்டிலிருந்து குறிப்பிட்ட அளவுக்குச் சில மைக்ரோ நொடிக்குள் இறக்கி, குறித்த நேரம் வைத்திருந்து, மீண்டும் ஏற்றும். தொழிற்சாலைச் சூழலுக்கான படிகள் இவை. விழுக்காடு என்பது எஞ்சியிருக்கும் மின்னழுத்தம். குறைந்த அளவு அன்று.

• 0 விழுக்காடு, அரைச் சுழற்சி: 10 மில்லி நொடி
• 0 விழுக்காடு, 1 சுழற்சி: 20 மில்லி நொடி
• 40 விழுக்காடு (92 வோல்ட்), 10 சுழற்சி: 0.2 நொடி
• 70 விழுக்காடு (161 வோல்ட்), 25 சுழற்சி: 0.5 நொடி
• 80 விழுக்காடு (184 வோல்ட்), 250 சுழற்சி: 5 நொடி
• 0 விழுக்காடு, 250 சுழற்சி: 5 நொடி முழுத் துண்டிப்பு

வீடு, கடை, அலுவலகச் சூழலுக்கான பொதுத் தரவரையறையில் 40, 80 விழுக்காட்டுப் படிகள் கிடையா. ஒவ்வொரு படியையும் குறைந்தது 10 நொடி இடைவெளி விட்டு மூன்று முறை செய்ய வேண்டும். அலையின் எந்தப் புள்ளியில் சரிவு தொடங்குகிறது என்பதும் முக்கியம். மின்தேக்கி அப்போதுதான் நிரம்பியிருந்தால் கருவி கூடுதல் நேரம் தாங்கும். வற்றும் நிலையில் இருந்தால் குறைவாகத் தாங்கும். வீட்டில் "போன தடவை அணையவில்லையே, இன்று மட்டும் ஏன்?" என்ற கேள்விக்கு இதுவும் ஒரு விடை.

மின்னழுத்தம் திரும்பி வரும் கணத்தையும் சோதிப்பவர்கள் விடாமல் கவனிப்பார்கள். வற்றிய மின்தேக்கிகள் எல்லாம் ஒரே நேரத்தில் நிரம்ப முயலும்போது மிகப் பெரிய மின்னோட்டம் பாயும். 230 வோல்ட் சோதனை இயந்திரம் கணநேரத்திற்கு 500 ஆம்பியர் வரை தரக்கூடியதாக இருக்க வேண்டும் என்று முறை வகுத்திருப்பதும் அதனால்தான். பல கருவிகள் மின்னழுத்தம் இறங்கும்போது கெடுவதில்லை. திரும்பி வரும்போதுதான் ஃபியூஸ் போகிறது.

கணினிச் சில்லுத் தொழிற்சாலைகளின் இயந்திரங்களுக்குச் 'செமி எஃப்47' என்ற தனி வரையறை உண்டு. 50 விழுக்காட்டில் 0.2 நொடி, 70 விழுக்காட்டில் 0.5 நொடி, 80 விழுக்காட்டில் 1 நொடி. இவை மூன்றிலும் இயந்திரம் நிற்காமல் ஓட வேண்டும். பினாங்கு, கூலிம் போன்ற இடங்களில் மின்னணுத் தொழில் வளர்ந்த நம் நாட்டுக்கு இந்த எண்கள் புதியவை அல்ல.

மின்னெழுச்சிக்கான சோதனை இதிலிருந்து வேறுபட்டது. ஐ.இ.சி. 61000-4-5 முறையில் 1 கிலோவோல்ட், 2 கிலோவோல்ட் போன்ற உயரத்தில், 1.2 மைக்ரோ நொடியில் எழுந்து 50 மைக்ரோ நொடியில் பாதியாகும் துடிப்பைக் கருவிக்குள் செலுத்துகிறார்கள். சரிவு பட்டினி போன்றது. எழுச்சி அடி போன்றது. ஒன்றைத் தாங்கும் கருவி மற்றொன்றையும் தாங்கும் என்று எண்ணக் கூடாது.

'தேர்ச்சி' என்ற சொல்லுக்குள் இருப்பது

சோதனை முடிவை நான்கு நிலையாகப் பிரிக்கிறார்கள்.

அ: கருவி எந்த மாற்றமும் இல்லாமல் ஓடியது.
ஆ: சற்றுத் தடுமாறி, தானாகவே பழைய நிலைக்கு வந்தது.
இ: நின்றுவிட்டது; யாராவது வந்து பொத்தானை அழுத்தினால்தான் ஓடும்.
ஈ: கெட்டுவிட்டது, அல்லது சேமித்த தகவலை இழந்துவிட்டது.

இங்கேதான் பலர் அறியாத செய்தி இருக்கிறது. வீட்டு உபயோகக் கருவிகளுக்கான தரவரையறையில், சரிவுச் சோதனைக்கு 'இ' நிலையே போதும். அதாவது, கருவி நின்றுபோனாலும் தேர்ச்சிதான். அது கெடவில்லை, யாருக்கும் ஆபத்து விளைவிக்கவில்லை என்பதே அந்தத் தேர்ச்சியின் பொருள். நிற்காது என்று யாரும் உறுதி சொல்லவில்லை.

நம் நாட்டில் எரிசக்தி ஆணையத்தின் கட்டுப்பாட்டில் உள்ள மின்கருவிகளை வாங்கும்போது சிரிம் முத்திரையைப் பார்த்து வாங்கச் சொல்கிறோம். அது மிகவும் சரி. ஆனால் அந்த முத்திரை முதன்மையாக மின் பாதுகாப்பைப் பற்றியது: தீப்பிடிக்காது, மின்னதிர்ச்சி தராது. சரிவின்போது ஓடிக்கொண்டே இருக்குமா என்பது வேறு கேள்வி.

இசைக்கருவி நின்றால் பரவாயில்லை. வீட்டில் படுத்திருக்கும் தாத்தாவுக்கு ஆக்சிஜன் தரும் இயந்திரம் நின்றால்? மருத்துவக் கருவிகளுக்கான ஐ.இ.சி. 60601-1-2 முறை இன்னும் கடுமையானது. அரைச் சுழற்சித் துண்டிப்பை அலையின் எட்டு வெவ்வேறு புள்ளிகளில் செய்து பார்க்கச் சொல்கிறது. ஆனால் 5 நொடித் துண்டிப்பில், ஆபத்தில்லாத முறையிலும் எச்சரிக்கை ஒலியுடனும் கருவி நிற்பதை அதுவும் ஏற்கலாம். ஆகவே இப்படிப்பட்ட இயந்திரம் வாடகைக்கு எடுப்பவர்கள் விற்பனையாளரிடம் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். மின்சாரம் ஒரு நொடி போய் வந்தால் இது தானாகத் தொடங்குமா? நின்றால் ஒலி எழுப்புமா? மாற்று ஆக்சிஜன் உருளை உடன் வருமா? இடி இடித்த பிறகு ஒரு முறை எழுந்து போய் இயந்திரத்தைப் பார்ப்பது வீட்டில் உள்ளவர்களின் பழக்கமாக வேண்டும்.

எந்த நோய்க்கு எந்த மருந்து?

கடைகளில் 'பாதுகாப்புக் கருவி' என்ற பெயரில் பலவும் விற்கின்றன. அவற்றின் வேலை ஒன்றல்ல.

மின்னெழுச்சி தடுக்கும் நீட்டிப் பலகை உயர்ந்து வரும் துடிப்பை வெட்டும். சரிவுக்கு அது எதுவும் செய்யாது; கொடுக்க அதனிடம் ஆற்றல் சேமிப்பு இல்லை. மின்னழுத்தத்தைச் சீராக்கும் ஸ்டெபிலைசரில், மோட்டாரால் திருகி இயங்கும் வகை மெதுவாகக் குறைந்து கூடும் மின்னழுத்தத்துக்கு ஏற்றது. 0.1 நொடிச் சரிவு வந்து போன பிறகுதான் அது விழித்துக்கொள்ளும். ஜெனரேட்டர் தொடங்குவதற்கே பல நொடி ஆகும். நீண்ட மின்தடைக்குத்தான் அது உதவும்.

கணினி, கல்லாப்பெட்டி இயந்திரம், இணைய மோடம் ஆகியவற்றுக்குச் சரியானது மின்கலம் உள்ள யு.பி.எஸ். சாதாரண வகை சில மில்லி நொடியில் மின்கலத்துக்கு மாறிவிடும். நாம் மேலே போட்ட கணக்கின்படி அந்த இடைவெளியைக் கணினியின் மின்தேக்கி தாங்கிக்கொள்ளும். ஐஸ் பெட்டிக்குச் சிறிய யு.பி.எஸ். வேண்டாம், மோட்டார் தொடங்கும் மின்னோட்டத்தை அது தாங்காது. மின்சாரம் திரும்பிய பின் 3 முதல் 5 நிமிடம் காத்திருந்து இணைக்கும் தாமதக் கருவியே அதற்குப் பொருத்தம்.

நீங்களே செய்து பாருங்கள்

வீட்டு மின்சாரத்தில் எந்தச் சோதனையும் செய்யக் கூடாது. கணினியின் மின்வழங்கியைத் திறக்கவும் கூடாது. சாக்கெட்டிலிருந்து கழற்றிய பிறகும் உள்ளே உள்ள மின்தேக்கி அதிர்ச்சி தரும். 9 வோல்ட் பேட்டரியில் இதே பாடத்தைப் பாதுகாப்பாகச் செய்யலாம்.

தேவை: 9 வோல்ட் பேட்டரி, அழுத்து சுவிட்ச், எல்.இ.டி., 1 கிலோ ஓம் மின்தடையம், 100 மைக்ரோஃபாரட், 1000 மைக்ரோஃபாரட் மின்தேக்கிகள். இரண்டும் 16 வோல்ட் அல்லது அதற்கு மேற்பட்டவையாக இருக்கட்டும்.

எல்.இ.டி.யையும் மின்தடையத்தையும் தொடராக இணைத்து, சுவிட்ச் வழியாகப் பேட்டரியுடன் சேர்க்கவும். சுவிட்சை அழுத்தியபடி இருந்து, கணநேரம் விட்டு மறுபடி அழுத்தவும். எல்.இ.டி. அணைந்து எரியும். இது மின்தேக்கி இல்லாத கருவி. இப்போது 100 மைக்ரோஃபாரட் மின்தேக்கியை எல்.இ.டி., மின்தடையம் என்ற தொடருக்கு இணையாகச் சேர்த்து அதையே செய்யவும். எல்.இ.டி. மங்கி மீளும். அடுத்து 1000 மைக்ரோஃபாரட். இப்போது மாற்றம் கண்ணுக்குத் தெரிவதே அரிது. மின்தேக்கியின் + முனை பேட்டரியின் + பக்கம் இருக்கிறதா என்று ஆசிரியரிடம் காட்டிய பிறகே இணையுங்கள்.

நீங்கள் செய்தது ஒரு சரிவுச் சோதனைதான். ஆய்வுக்கூடம் செய்வதும் இதையே. அங்கே நேரத்தையும் ஆழத்தையும் துல்லியமாக அளக்கிறார்கள்.

பயிற்சிக் கேள்விகள்

1. மின்னழுத்தம் 80 விழுக்காட்டுக்கு இறங்கினால் தூண்டல் மோட்டாரின் திருப்புவிசை எத்தனை விழுக்காடு?
2. இணைய மோடம் ஒன்று 12 வாட் எடுக்கிறது. அதன் மின்வழங்கியில் 22 மைக்ரோஃபாரட் மின்தேக்கி இருக்கிறது. 325 வோல்ட்டிலிருந்து 100 வோல்ட் வரை அது பயன்படும். இழப்பைக் கணக்கில் கொள்ளாவிட்டால் எவ்வளவு நேரம் தாங்கும்?
3. ஒரு கருவி 0 விழுக்காட்டில் 20 மில்லி நொடிக்கு 'அ' நிலையும், 70 விழுக்காட்டில் 0.5 நொடிக்கு 'இ' நிலையும் பெற்றது. கல்லாப்பெட்டிக்கு இதை யு.பி.எஸ். இல்லாமல் வாங்கலாமா? காரணம் கூறுக.

விடைகள்: 1. 64 விழுக்காடு. 2. ஏறத்தாழ 1.05 ஜூல் ÷ 12 வாட் = 0.088 நொடி, அதாவது 88 மில்லி நொடி. 3. வாங்குவது நல்லதன்று. மிகக் குறுகிய துண்டிப்பை அது தாங்கினாலும், அரை நொடிச் சரிவில் நின்றுவிடுகிறது. யாராவது வந்து மறுபடி தொடக்க வேண்டும்.

அடுத்த முறை விளக்கு மங்கும்போது, வீட்டில் எது நின்றது, எது நிற்கவில்லை, எது தானாகத் திரும்பியது என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் நாளும் நேரமும் சேர்த்து எழுதுங்கள். சில மாதத்தில் உங்கள் வீட்டுக் கருவிகள் ஒவ்வொன்றும் அ, ஆ, இ, ஈ என்ற நான்கில் எந்த நிலை என்பது தெரிந்துவிடும். யு.பி.எஸ். வாங்கும் பணத்தை எந்தக் கருவிக்குச் செலவிடலாம் என்பதையும் அந்தப் பட்டியலே சொல்லும்.